லைசென்ஸில் விழும் புள்ளி

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு 'பாயிண்ட்' என்றால் ஒரே பொருள்தான். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம். டிப்ளமா முடித்த கையோடு ஊரை விட்டு பம்பாய்க்கு வந்து, முப்பத்தைந்து வருஷங்களுக்கு மேல் இந்த ஊர் மழையிலும் வெயிலிலும் அந்தப் பாயிண்டுகளைப் பார்த்துக் கொண்டே காலத்தை ஓட்டியவன் நான். ஓய்வு பெற்று செம்பூரில் வீட்டோடு உட்கார்ந்த பிறகு, வேறொரு பாயிண்டைப் பற்றிப் படிக்க வேண்டி வந்தது. அது மோட்டார் ஓட்டுகிறவர்களின் லைசென்ஸில் விழும் பாயிண்ட். தமிழில் புள்ளி என்றே சொல்வோம்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்று வண்டி இல்லாத வீடு அபூர்வம். பிள்ளைகளில் ஒருவராவது சிங்கப்பூர், துபாய், லண்டன், அமெரிக்கா என்று போயிருக்கிறார்கள். அங்கெல்லாம் இந்தப் புள்ளிக் கணக்கு நடைமுறையில் இருக்கிறது. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதினால் நாலு பேருக்குப் பயன்படும் என்று தோன்றியது. அதற்கு முன், இதைப் படிக்க என்னைத் தூண்டியது எது என்று சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

மூன்றாவது சலான்

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. என் பெயரிலுள்ள ஸ்கூட்டருக்கு இ-சலான். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டியதற்கு அபராதம். ஐந்து மாதத்தில் இது மூன்றாவது. வண்டி என் பெயரில் இருக்கிறதே தவிர, அதை ஓட்டுவது எங்கள் இளைய மகன். முதல் இரண்டையும் நானே சத்தமில்லாமல் கட்டியிருந்தேன்.

"என்னங்க, சின்னவன் பாவம், ராத்திரி ஷிப்ட் முடிச்சுக் களைச்சு வர்றான். இதையும் கட்டிடுங்க. அவன்கிட்ட ஒண்ணும் கேட்க வேண்டாம்" என்றாள் என் மனைவி. நானும் அப்படித்தான் நினைத்தேன். சில நூறு ரூபாய்தானே, பென்ஷனில் போகட்டும் என்று.

ஆனால் அன்று சலானோடு வந்த புகைப்படத்தைத் திறந்து பார்த்துவிட்டேன். அமர் மஹால் சந்திப்பு. ஒரு பக்கம் மாகுல் பக்கமிருந்து வரும் பெட்ரோல் டேங்கர், இன்னொரு பக்கம் பெஸ்ட் பஸ். இரண்டுக்கும் நடுவே மழையில் நனைந்த தலையோடு என் மகன். ஹெல்மெட் அவன் தலையில் இல்லை, முழங்கையில் தொங்கிக் கொண்டிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு பணம் கட்டும் பொத்தானை அழுத்த எனக்குக் கை வரவில்லை.

அதே வாரம் சிங்கப்பூரிலிருந்து மகள் பேசினாள். வழக்கம்போல் மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். அவர் குரலில் கலகலப்பு இல்லை. விசாரித்தபோது, கம்பெனி வேனை ஓட்டிச் சென்றபோது சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார்.

"பணம் அனுப்பட்டுமா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"பணத்தால ஆகற காரியமா இருந்தா பரவாயில்லையே மாமா. ஃபைன் கட்டியாச்சு. பன்னிரண்டு பாயிண்ட் விழுந்திருக்கு. இன்னொரு தடவை இப்படி ஆனா லைசென்ஸ் போயிடும், லைசென்ஸ் போனா வேலையும் போயிடும்" என்றார்.

போனை வைத்த பிறகு வெகு நேரம் யோசித்தேன். மாப்பிள்ளை ஒரே ஒரு தவறுக்கு இப்படி நடுங்குகிறார். மகன் மூன்று முறை தவறு செய்தும் அவனுக்கு அது தெரியவே தெரியாது. ஏனென்றால் தண்டனை வந்தது எனக்கு, அவனுக்கல்ல.

கணக்கு எப்படி ஓடுகிறது?

எந்த நாட்டுப் புள்ளி முறையை எடுத்துக் கொண்டாலும் அதில் நான்கு உறுப்புகள் இருக்கும். முதலாவது, எந்த விதியை மீறினால் எத்தனை புள்ளி என்ற பட்டியல். இரண்டாவது, ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஒரு பேரேடு. மூன்றாவது, இத்தனை புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் நிறுத்தப்படும் என்ற எல்லை. நான்காவது, இவ்வளவு காலம் ஒழுங்காக ஓட்டினால் பழைய புள்ளிகள் அழியும் என்ற சலுகை.

சிங்கப்பூரில் 1983 முதல் இந்த முறை இருக்கிறது. 24 மாதத்துக்குள் 24 புள்ளிகள் சேர்ந்தால், முதல் தடவையாக இருந்தால் 12 வாரம் லைசென்ஸ் நிறுத்தப்படும். சிவப்பு விளக்கைத் தாண்டினால் 12 புள்ளி. அதாவது ஒரே தவறில் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது! புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு முதல் வருஷம் இன்னும் கடுமை. 13 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே செல்லாது, மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து படித்துத் தேற வேண்டும். அதே சமயம் 12 மாதம் தொடர்ந்து எந்தத் தவறும் செய்யாமல் ஓட்டினால் புள்ளிகள் துடைக்கப்பட்டுவிடும். மாப்பிள்ளை இப்போது காலண்டரில் நாளை எண்ணிக் கொண்டிருக்கிறார்.

பிரிட்டனில் மூன்று வருஷத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தால் சாதாரணமாக ஆறு மாதமாவது வண்டி ஓட்டத் தடை. வேகம் மீறினால் குறைந்தது 3 புள்ளி. வண்டி ஓட்டிக் கொண்டே கைபேசியைக் கையில் பிடித்தால் 2017 மார்ச் முதல் 6 புள்ளி. புதிதாக லைசென்ஸ் வாங்கியவருக்கு முதல் இரண்டு வருஷத்தில் 6 புள்ளி சேர்ந்தாலே லைசென்ஸ் ரத்து. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். லண்டனுக்குப் போய் லைசென்ஸ் எடுத்த பிள்ளை ஒரே ஒரு முறை கைபேசியை எடுத்துப் பேசினால் போதும், அத்தனை பாடுபட்டு வாங்கியது கைவிட்டுப் போகும்.

நம் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் டொராண்டோ இருப்பது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில். அங்கே முழு லைசென்ஸ் உள்ளவருக்குப் புள்ளி பூஜ்யத்திலிருந்து ஏறும். 15 ஆனால் 30 நாள் லைசென்ஸ் நிறுத்தம். ஒவ்வொரு புள்ளியும் இரண்டு வருஷம் ஏட்டில் இருக்கும். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் 12 புள்ளி எல்லை. ஒரு வருஷம் தவறில்லாமல் ஓட்டினால் 3 புள்ளி வரை கழித்துக் கொள்வார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் கறுப்புப் புள்ளி என்றே பெயர். 24 சேர்ந்தால் லைசென்ஸ் பறிபோகும். டிரைவர் வேலைக்கென்றே துபாய்க்குப் போனவருக்கு இது எப்படிப்பட்ட இடி என்று சொல்ல வேண்டியதில்லை.

சில நாடுகளில் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். இத்தாலியில் 2003-இல் முறை வந்தபோது ஒவ்வொருவர் கையிலும் 20 புள்ளியைக் கொடுத்து, தவறுக்குத் தவறு கழிக்கத் தொடங்கினார்கள். பிரான்சில் 12 புள்ளி. கூட்டினால் என்ன, கழித்தால் என்ன, விடை ஒன்றுதான்.

அபராதத்துக்கு ஞாபக சக்தி இல்லை

அபராதம் இருக்கும்போது புள்ளி எதற்கு என்று கேட்கலாம். நான் புரிந்து கொண்டது இது. 500 ரூபாய் அபராதம் என்றால் சங்கத்து வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு அது ஒரு நாள் அரிசி பருப்பு. பெரிய காரில் வருகிறவருக்கு அது ஒரு வேளை டிபன் செலவு. ஒரே தவறு, ஒரே தொகை, ஆனால் வலி ஒன்றல்ல. புள்ளியோ இருவருக்கும் ஒரே அளவில் விழுகிறது.

இன்னொன்று, அபராதத்துக்கு ஞாபக சக்தி இல்லை. கட்டினால் கணக்குத் தீர்ந்தது. அடுத்த நாள் புதுக் கணக்கு. என்றோ ஒரு நாள் தவறியவரையும், தினமும் தவறுகிறவரையும் அது ஒன்றாகவே பார்க்கிறது. புள்ளி அப்படியல்ல, நினைவில் வைத்துக் கொள்கிறது. திருந்தியவரிடம் மறந்தும் விடுகிறது. கண்டிப்பான பள்ளி வாத்தியாரைப் போல என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

ரயில்வேயில் நாங்கள் மனிதனின் நினைவை மட்டும் நம்பியதில்லை. பாயிண்ட் சரியாகப் பொருந்திப் பூட்டிக் கொண்டாலொழிய சிக்னல் பச்சையாகாது. அப்படி இண்டர்லாக்கிங் செய்திருப்போம். மும்பை மின்சார ரயில்களில் மோட்டார்மேன் சிவப்பைத் தாண்டினால் தானே பிரேக் பிடிக்கும் எச்சரிக்கைக் கருவியும் உண்டு. இத்தனைக்கும் பிறகு ஒருவர் அபாய சிக்னலைத் தாண்டிவிட்டால், அவரை உடனே வேலையிலிருந்து இறக்கி விசாரணை வைப்பார்கள். அங்கே 12, 24 என்ற கணக்கெல்லாம் கிடையாது.

சாலையில் அத்தகைய பூட்டு எதுவும் இல்லை. செம்பூர் நாக்காவில் சிவப்பு விளக்கு எரிந்தால், அதைத் தாண்டாமல் நம்மை நிறுத்துவது நம் மனம் ஒன்றுதான். அந்த மனத்துக்கு ஒரு பூட்டுப் போடும் முயற்சியே புள்ளி முறை.

யார் பெயரில் விழுவது?

இந்த இடத்தில்தான் என் கதை வருகிறது. கேமரா பார்ப்பது வண்டியின் நம்பரை. அதனால் சலான் முதலில் வண்டியின் சொந்தக்காரர் பெயருக்கு வருகிறது. பணம் என்றால் அப்பா கட்டலாம், அண்ணன் கட்டலாம், முதலாளி கட்டலாம். புள்ளி என்று வந்தால் ஓட்டியது யார் என்று தெரிந்தாக வேண்டும்.

பிரிட்டனில் சொந்தக்காரருக்குக் கடிதம் வரும். ஓட்டியது யார் என்று 28 நாளுக்குள் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் அவருக்கே 6 புள்ளி விழும். நம் நாட்டிலும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, கேட்கும்போது ஓட்டியவரைப் பற்றிய தகவலைத் தர வேண்டியது சொந்தக்காரரின் கடமை என்கிறது. இத்தனை வருஷம் லைசென்ஸ் வைத்திருந்தும் இது எனக்குத் தெரியாது.

சரி, வீட்டில் ஒருவர் புள்ளியை இன்னொருவர் வாங்கிக் கொண்டால் என்ன? பிரிட்டனில் அப்படியும் நடந்தது. கிறிஸ் ஹியூன் என்று ஓர் அரசியல்வாதி. 2003-இல் அவர் கார் வேக வரம்பை மீறியது. ஏற்கெனவே அவர் லைசென்ஸில் புள்ளிகள் இருந்ததால், தாம் ஓட்டியதாகச் சொல்லி அவர் மனைவி அந்தப் புள்ளியை ஏற்றுக் கொண்டார். பிறகு கணவர் மந்திரியானார். குடும்பம் பிரிந்தது, உண்மை வெளியே வந்தது. 2012-இல் மந்திரி பதவி போயிற்று. 2013 மார்ச்சில் இருவருக்கும் தலா எட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. வேகமாகப் போனதற்காக அல்ல, நீதியை ஏமாற்றியதற்காக. மூன்று புள்ளியில் தொடங்கியது இங்கே வந்து முடிந்தது.

அதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நான் யாரையும் ஏமாற்றவில்லை, சட்டப்படி என் பெயரில் வந்த அபராதத்தைத்தான் கட்டினேன். ஆனாலும் மகனுக்கும் அவன் தவறுக்கும் நடுவில் போய் நின்று கொண்டது நான்தானே?

நம் நாட்டில்

நம் நாட்டில் புள்ளி முறை பேசப்படாமல் இல்லை. 2014-இல் மத்திய அரசு வெளியிட்ட சாலைப் போக்குவரத்து மசோதாவின் வரைவில் புள்ளிகள் இருந்தன. அந்த மசோதா சட்டமாகவில்லை. தெலங்கானா அரசு 2017 ஆகஸ்ட் 1 முதல் இதைக் கொண்டு வந்தது. 24 மாதத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தால் ஒரு வருஷம் லைசென்ஸ் நிறுத்தம் என்று விதித்தார்கள். குடித்துவிட்டு இரு சக்கர வண்டி ஓட்டினால் 3 புள்ளி, கார் என்றால் 4, பயணிகளை ஏற்றிய பஸ் என்றால் 5. எத்தனை பேர் உயிர் கையில் இருக்கிறதோ அதற்குத் தக்கபடி புள்ளி. இந்த ஏற்பாடு ரயில்வேக்காரனான எனக்கு நியாயமாகவே பட்டது.

2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தில் புள்ளி என்ற சொல் இல்லை. ஆனால் அதன் சாரம் கொஞ்சம் இருக்கிறது. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் அபராதத்தோடு மூன்று மாதம் லைசென்ஸ் நிறுத்தவும் சட்டத்தில் இடம் உண்டு. அபாயகரமாக ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது போன்ற குற்றங்களுக்குப் போலீஸ்காரர் லைசென்ஸை வாங்கி அதிகாரிக்கு அனுப்பலாம். முதல் முறை மூன்று மாத நிறுத்தம், மறுமுறை ரத்து. நிறுத்தப்பட்டவர் மீண்டும் பயிற்சி வகுப்புக்குப் போய் வர வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வண்டி எடுத்துக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. பத்தாவது பாஸ் செய்ததற்குப் பரிசாகச் சாவியைக் கொடுக்கும் பெற்றோர் இதை ஒரு முறைக்கு இரு முறை படிக்க வேண்டும்.

இதெல்லாம் அதிகமில்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் ஹெல்மெட் இல்லாமல் போனவர்கள் மட்டும் 50,029 பேர்.

மறுபக்கமும் உண்டு

புள்ளி முறையில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. 1992 ஜூலையில் பிரான்சில் இது வந்தபோது லாரி டிரைவர்கள் நாடு முழுவதும் சாலைகளை அடைத்துப் போராடினார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் எடுப்பவருக்கும், தினமும் பத்து மணி நேரம் ஸ்டியரிங் பிடிப்பவருக்கும் ஒரே எல்லையா? தாராவியிலிருந்து தினமும் டெம்போ ஓட்டி வரும் ஒருவர், நேரத்துக்குச் சரக்கு சேர வேண்டும் என்ற முதலாளியின் அவசரத்துக்காகத் தாண்டும் சிவப்பு விளக்குக்குப் புள்ளி மட்டும் அவர் பெயரில் விழும். முதலாளிக்கு ஒன்றும் இல்லை.

மரக்கிளை மறைத்த சிக்னல், அழிந்து போன வெள்ளைக் கோடு, ஒருவர் நம்பரை இன்னொருவர் மாட்டிக் கொண்டு ஓடும் வண்டி, இவையெல்லாம் நம் ஊரில் உண்டு. ஆகவே, தப்பாக விழுந்த புள்ளியை எதிர்த்துக் கேட்க எளிய வழியும், பயிற்சிக்குப் போனால் குறைத்துக் கொள்ளும் வசதியும் இருந்தால்தான் இது நியாயமான முறையாகும். ரயில்வேயில் மோட்டார்மேன் மீது நடவடிக்கை எடுக்கும்போது, சிக்னல் சரியாகத் தெரிந்ததா என்று எங்களையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். சாலையிலும் அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும்.

வீட்டில் நடந்தது

மூன்றாவது சலானை நான் கட்டவில்லை. மகன் எழுந்து காபி குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, அந்தப் படத்தை அவனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டே இருந்தான்.

"எவ்வளவுப்பா? நானே கொடுத்துடறேன்" என்றான்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு கட்டியிருக்கேன். அந்தப் பணமும் வேண்டாம். வண்டியை உன் பேருக்கு மாத்திக்கோ. இனிமே வர்றது உனக்கே வரட்டும்" என்றேன்.

என் மனைவிக்குக் கோபம். "பெத்த பிள்ளை கிட்டயே கணக்கா?" என்றாள். அன்று முழுவதும் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. மகன் மேல் இருக்கும் பாசத்தில் நான் அவளுக்குக் குறைந்தவன் அல்ல என்று எப்படிச் சொல்வது? அந்தப் படத்தை அவளிடம் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ராத்திரி ஷிப்டுக்கு அவன் கிளம்பும் ஒவ்வொரு நாளும் அது அவள் கண் முன் வரும்.

இரண்டு நாள் கழித்து மகனே 29, 30-ஆம் நம்பர் படிவங்களைக் கொண்டு வந்து கையெழுத்துக் கேட்டான். வடாலா ஆர்.டி.ஓ.வுக்குப் போய் வந்தோம். இன்சூரன்ஸையும் அவன் பெயருக்கு மாற்றினோம். முன்பெல்லாம் அவன் போன பிறகு, வாசல் ஆணியில் சில நாள் ஹெல்மெட் தொங்கும், சில நாள் தொங்காது. இப்போது ஆணி காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன். இதுவரை காலியாகத்தான் இருக்கிறது. முழங்கையில் தொங்குகிறதா, தலையில் இருக்கிறதா என்பது அவனுக்குத்தான் தெரியும்.

வாசக அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வண்டியை யார் ஓட்டுகிறார்களோ அவர்கள் பெயரில் வையுங்கள். சலான் வந்தால் கட்டுவதற்கு முன் படத்தைப் பாருங்கள், ஓட்டியவருக்கும் காட்டுங்கள். வெளிநாடு போகும் பிள்ளைக்கு ஊறுகாயும் பொடியும் கட்டிக் கொடுக்கும்போது, அந்த நாட்டுப் புள்ளிக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். புள்ளி முறை நம் ஊருக்கு வரும்போது வரட்டும். அதுவரை நம் வீட்டுப் பேரேட்டை நாமே எழுதி வைத்துக் கொள்வதில் தவறில்லை.